செம்மணலுக்கு அடியில் பனி

பால்துரைக்குக் குழி வெட்டப் போனவர்கள், நெஞ்சளவு ஆழத்தில் மண்வெட்டி ணங்கென்று பட்டு நின்ற இடத்தில் பனி கிடப்பதைப் பார்த்துவிட்டு, பாறை என்றால் நாமே வேறு இடம் பார்த்துவிடலாம், பனி என்றால் ஊரைத்தான் கேட்க வேண்டும் என்று மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது, ஏழுதேரியில் யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. எங்கள் ஊரைச் சுற்றிக் கிடக்கிற செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். காற்று அடிக்கிற பக்கமெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும் அந்த மணலுக்குள்ளிருந்து இதற்கு முன்னால் சங்கு வந்திருக்கிறது, முதுமக்கள் தாழி வந்திருக்கிறது, ஒரு தடவை முழுசாக ஒரு கட்டைவண்டியே வந்திருக்கிறது, அதை ஓட்டிக்கொண்டு போனவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த வரிசையில் பனியும் வந்தது. பங்குனி வெயிலில் வந்ததுதான் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் நினைத்தார்கள், அவ்வளவுதான்.

பால்துரை வீட்டில் அன்றைக்கு எல்லோரையும் படுத்தி எடுத்த விஷயம் பனி இல்லை, முகம். அவருக்கு ஒரே மகன், சுடலைமணி. அவன் உலகத்தின் அடிமட்டத்தில், தென்துருவக் கண்டத்தில் இருக்கிற ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சமையல்காரன். மாசி மாதம் அங்கிருந்து கடைசிக் கப்பல் கிளம்பிவிட்டால் அடுத்த கப்பல் கார்த்திகையில்தான். நடுவில் கடல் உறைந்துவிடும், விமானம் இறங்காது, சூரியனே லீவு போட்டுவிட்டுப் போய்விடும், அங்கே மாட்டிக்கொண்ட கொஞ்சப் பேர் விளக்கு வெளிச்சத்தில் இட்லி தின்றுகொண்டு கிடப்பார்கள். கப்பல் கிளம்பிப் போன பிறகு பார்த்துத்தானா பால்துரை கண்ணை மூட வேண்டும்? மூடிவிட்டார். அவர் மனைவி சந்தனக்கனி ஐஸ்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

“எம் மவன் மொகம் பாக்காம ஒரு பிடி மண்ணு விழக்கூடாது.”

அந்த ஐஸ்பெட்டி, அதை வாடகைக்கு விடுகிற செல்லையாவுடையது. கண்ணாடி மூடி போட்ட, கரண்டில் ஓடுகிற பெட்டி. எங்கள் ஊரில் செத்தவர்களெல்லாம் அதில் இரண்டு நாள் படுத்துவிட்டுத்தான் போவார்கள். அந்த இரண்டு நாளுக்குள் மஸ்கட்டிலோ மலேசியாவிலோ இருக்கிற பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார்கள், ஒரு காலில் செருப்பில்லாமல் வந்தவனெல்லாம் உண்டு. பெற்றவள் கூப்பிட்டு வராதவனைக்கூடப் பெட்டி கூப்பிட்டால் வந்துவிடுவான், ஏனென்றால் பெட்டி காத்திருக்காது. ஆனால் கார்த்திகை மாதம்வரை காத்திருக்க எந்தப் பெட்டியால் முடியும்? கோயில் தர்மகர்த்தா சித்திரைவேல், ஊரில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்படிதான் நடக்கும், வந்து நின்று இதமாகச் சொல்லிப் பார்த்தார், அதட்டிச் சொல்லிப் பார்த்தார், கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழி வெட்ட ஆள் அனுப்பினார். அனுப்பின ஆட்கள்தான் திரும்பி வந்து பனி என்றார்கள்.

காலையிலிருந்து அசையாத சந்தனக்கனி எழுந்து நின்றாள்.

“பனின்னா, கெட்டுப்போவாதுல்லா?” என்று கேட்டாள்.

சுடலைமணி அன்று சாயங்காலம் போனில் வந்தான். அவன் குரல் எங்கேயோ ஒரு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் காத்திருந்து வந்தது. அழுதான், பிறகு பனியைப் பற்றிச் சொன்னதும் அழுகையை நிறுத்திவிட்டுப் பரபரவென்று பேசினான்.

“எம்மா, நல்லாக் கேளு. இங்கயும் இதேதான். பள்ளத்தாக்கு பூராம் கல்லும் சரளையுமாக் கெடக்கும், பாத்தா வெறும் பொட்டலு. ஒரு முழம் நோண்டுனா உள்ள பனி. லட்சக்கணக்கான வருசமா அப்படியே கெடக்குன்னு சாருமாரு சொல்லுதாவ. அம்புட்டு வருசம் அதக் காப்பாத்துனது குளிரு மட்டும் இல்லம்மா, மேல கெடக்க மண்ணு. மண்ண எடுத்துட்டா காத்து குடிச்சிரும். தண்ணியாவே ஆவாது, அப்படியே ஒண்ணுமில்லாம போயிரும். ஐயாவ உள்ள வச்சி மேல நல்லா மண்ணப் போட்டு மூடிருங்க. யாரும் தெறந்து பாத்துரக் கூடாது. நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

மறுநாள் காலையில் கடற்கரையிலிருந்து, மீனுக்கு ஐஸ் உடைக்கிறவர் ஒருவரை அவருடைய குத்தூசியோடு கூட்டி வந்தோம். அவர் குழிக்குள் இறங்கித் தொட்டுப் பார்த்துவிட்டு, இது கம்பெனி ஐஸ் இல்லை, வயசான ஐஸ் என்று சொன்னார். வெள்ளையாகவும் இல்லாமல் நீலமாகவும் இல்லாமல், உள்ளே வரி வரியாகத் தூசியும் கூழாங்கல்லும் பொடிப்பொடிக் காற்றுக் குமிழ்களும் அடைந்துகிடக்க, எங்கிருந்தோ நடந்து வந்து களைத்துப் படுத்த ஒரு மலை மாதிரி அது கிடந்தது. ஒரு கட்டில் அளவுக்குச் செதுக்கி, புதுவேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிப் பால்துரையை உள்ளே படுக்கவைத்து, செதுக்கின துண்டுகளை மேலே அடுக்கினோம். அடுக்கி முடிக்கும் முன்னாலேயே துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விளிம்பு தெரியாமல் போயின.

மண் போடுகிற நேரத்தில்தான் சித்திரைவேலுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மண் போட்டால் அடக்கம் ஆகிவிடுமே, மகன் கையால் முதல் மண் விழாமல் அடக்கம் எப்படி ஆகும்? கண்ணை மூடி யோசித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் தீர்ப்புச் சொன்னார்.

“யாரும் கையால அள்ளிப் போடாதிய. ஓலப்பெட்டியில அள்ளிக் கொட்டுங்க. கையால போட்டா அது அடக்கம். பெட்டியால கொட்டுனா அது போர்வை.”

நாங்கள் பெட்டிபெட்டியாகக் கொட்டினோம். போர்வை ஆள் உயரத்துக்கு எழும்பியது. அவ்வளவு சரியான தீர்ப்பு என்று எல்லோரும் தலையாட்டினோம், அந்தத் தீர்ப்பு எங்கள் வாயிலேயே மண்ணைப் போடப்போகிறது என்று அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் ஒரு உடம்பு அடக்கமாகாமல் கிடந்தால் அதுவரைக்கும் அந்தத் தெருவில் அடுப்பு எரியக் கூடாது, கோயில் நடை திறக்கக் கூடாது, மேளம் கொட்டக் கூடாது, தாலி ஏறக் கூடாது. எல்லாம் ஒருநாள் ரெண்டுநாள் பாடு என்பதால் இதுவரை யாருக்கும் கஷ்டமாக இருந்ததில்லை; அடுத்த தெருவிலிருந்து சோறு வரும், தின்றுவிட்டுக் காத்திருப்போம். இப்போது பால்துரை அடக்கமாகவில்லை, போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். அடுத்த தெரு ஒரு வாரம் முகம் சுளிக்காமல் சோறு கொடுத்தது, இரண்டாவது வாரம் குழம்பில் உப்பு குறைந்தது, மூன்றாவது வாரம் சோற்றுச் சட்டியை வாசலில் வைக்கிற சத்தம் பெரிதானது. நடை சாத்தின கோயிலுக்குள் அம்மன் குளிக்காமல், பூ மாற்றாமல், பழைய மாலை கருகின வாசத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சித்திரைவேலின் மகள் பொன்மலருக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயித்திருந்தது. பெரிய மனுஷர் தன் தீர்ப்பைத் தானே மீற முடியாமல் வைகாசியை ஆவணிக்குத் தள்ளினார், ஆவணியை ஐப்பசிக்குத் தள்ளினார், ஐப்பசியைத் தைக்குத் தள்ளினார். மாப்பிள்ளைப் பையன் வாரம் ஒருமுறை பைக்கில் வந்து ஊரெல்லையில் நின்று பொன்மலரைப் பார்த்துவிட்டுப் போவான்.

இதற்குள் அன்னபுஷ்பம் டீச்சர் இறந்தார். அவருக்கு இரண்டு மகன்கள், ஒருவன் துபாயில், ஒருவன் அமெரிக்காவில். பழைய காலமாக இருந்தால் மறுநாளே வந்து இறங்கியிருப்பார்கள். டீச்சரின் தம்பி தங்கப்பழம் போன் போட்டபோது இரண்டு பேரும் நன்றாக அழுதார்கள், அழுது முடித்துவிட்டு, “மாமா, நம்ம ஊர்ல அந்தப் பனி இருக்குல்லா?” என்று கேட்டார்கள். பெரியவன் அடுத்த வருஷம் லீவு கிடைக்கும் என்றான், சின்னவன் பெரியவன் வரும்போது வருகிறேன் என்றான். தங்கப்பழம் அக்காவைக் கொண்டுபோய்ப் பனியில் வைத்துப் பெட்டியால் மண் கொட்டினார். அப்புறம் ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று, புரட்டாசியில் இரண்டு. மேடுகள் பெருகின. எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கே ஏதாவது ஒரு வேலை முடியாமல் இருந்தது, எல்லாப் பிள்ளைகளும் மறக்காமல் ஒரு கேள்வி கேட்டார்கள், ஒன்றும் ஆகாதுல்லா என்று. ஒன்றும் ஆகாதுதான். அதில் பொய் இல்லை. செல்லையாவின் ஐஸ்பெட்டி மட்டும் கோழி அடைகிற கூடாகப் போனது.

ஆக ஒவ்வொரு தெருவிலும் ஒரு சாவு முடியாமல் நின்றது, அடுத்த தெரு என்ற ஒன்றே இல்லாமல் போனது. ஊர் கூடிப் பேசி, தெருவில்தானே அடுப்பு எரியக் கூடாது, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் எரிந்தால் யார் கேட்பது என்று முடிவெடுத்து, தார்ரோட்டுக்கு அந்தப் பக்கம் உடைமரங்களுக்கு நடுவே வரிசையாகக் கல்லடுப்பு போட்டார்கள். பெண்கள் அரிசியையும் அம்மியையும் தலையில் சுமந்து போய்ச் சமைத்தார்கள், ஆண்கள் அங்கேயே சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டபடி ஊருக்குள் திரும்பினார்கள். கண்டக்டர்கள் அந்த இடத்துக்கு அடுப்படி ஸ்டாப் என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் வீட்டுக் குழம்பு என்ன குழம்பு என்பது எல்லோருக்கும் தெரிந்துபோய், அதனால் வந்த சண்டைகளைச் சொல்ல இந்தக் கதை போதாது.

ஆனால் அதெல்லாம்கூடச் சமாளிக்கக்கூடியதாக இருந்தது. சமாளிக்க முடியாமல் போனது வேறு ஒன்று. மத்தியான வெயிலில் தேரிக்கு அடியில் பனி பட் பட்டென்று வெடிக்கும். குமிழ்களுக்குள் அடைபட்ட பழைய காற்று வெளியே வருகிற சத்தம் அது என்று சுடலைமணி போனில் சொன்னான், மனுஷன் பிறக்கிறதுக்கு முன்னால் அடைபட்ட காற்றாம். அந்தக் காற்று மணல் வழியாகக் கசிந்து தெருவுக்குள் வரும். அதில் சாணி வாசம் இல்லை, புகை வாசம் இல்லை, மல்லிகை இல்லை, வேர்வை இல்லை, யாருமே வாழ்ந்திராத ஓர் உலகத்தின் வெறும் சில்லென்ற மூச்சு அது, அதைச் சுவாசித்தவர்களுக்கு இருப்புக்கொள்ளாது. உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் நடந்தார்கள், கடைக்குப் போனவர்கள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து, வீட்டுக்கு வந்தவர்கள் எதையோ வைத்துவிட்டு வந்தது மாதிரி மறுபடி கடைக்குப் போனார்கள், ஆடுகள்கூடப் படுக்காமல் நின்றுகொண்டே அசைபோட்டன. அழவும் முடியவில்லை. அழுது ஓய்ந்துபோக ஒரு நாள் வேண்டுமே, பதினாறாம் நாள் என்று எண்ணுவதற்கு முதல் நாள் என்று ஒன்று வேண்டுமே, அது யாருக்கும் வாய்க்கவில்லை. செத்தவர்கள் நிம்மதியாகப் படுத்திருந்தார்கள், இருக்கிறவர்கள்தான் அலைந்துகொண்டிருந்தோம்.

எல்லோரையும்விட அதிகம் அலைந்தவள் சந்தனக்கனி. காலையில் எழுந்ததும் தேரிக்குப் போவாள், காற்று கலைத்த இடத்தில் பெட்டியால் மண் கொட்டுவாள், ஆட்டுக்காரர்களை அந்தப் பக்கம் வரவிடமாட்டாள், மேட்டின் மேல் காக்கா உட்கார்ந்தால்கூட விரட்டுவாள். உள்ளே இருக்கிற முகத்தைப் பார்க்க அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். கை மண்ணில் இறங்கும், முழங்கை வரைக்கும் போகும், பிறகு சுட்டுக்கொண்டது போல உருவிக்கொள்வாள். மகன் பார்க்க வேண்டிய முகம் அது. அதைத் தான் பார்த்துத் தீர்த்துவிடக் கூடாது என்று ஆடியையும் ஆவணியையும் கடந்தாள், கார்த்திகை, கார்த்திகை என்று சொல்லிக்கொண்டே கடந்தாள்.

கார்த்திகை பிறந்தது. மழை அந்த வருஷம் எங்களை ஏமாற்றிவிட்டது, வெறும் வாடைக்காற்றுதான் வீசியது. சுடலைமணி போனில் வந்தான். அடுப்படி ஸ்டாப்பில் உலை வைத்துக்கொண்டிருந்த சந்தனக்கனி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள், சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“எம்மா, கப்பல் வந்துட்டு.”

“எய்யா! ஏறிட்டியா?”



“இல்லம்மா. எனக்குப் பதிலா வாரேன்னு சொன்ன ஆளு கடைசி நேரத்துல வரல. இன்னொரு வருசம் இருடேன்னு சாருமாரு கெஞ்சுதாவ. ஐயாதான் பத்திரமா இருக்காவல்லா, ஒண்ணும் ஆவப்போறது இல்லல்லா. அடுத்த கார்த்திகைக்குக் கண்டிப்பா வந்துருதேம்மா.”

சந்தனக்கனி கத்துவாள் என்று நினைத்தோம். “சரிய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். உலை கொதித்து வழிந்தது, அவள் பார்க்கவில்லை. அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தார்ரோட்டைத் தாண்டி, ஊரைத் தாண்டித் தேரிக்குப் போனாள். நாங்கள் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனோம். மேட்டின் மேல் மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரி வெளியே தள்ள ஆரம்பித்தாள்.

முதலில் ஓடி வந்தவர் தங்கப்பழம்.

“எக்கா, என்ன காரியம் செய்யுத? அடியில எல்லாம் ஒரே பனியில்லா! நீ இங்க தெறந்தா எங்க அக்காளுக்கும் சேத்துக் கேடு.”

“ஒங்க அக்கா மவனுவளுக்கும் சேத்துத்தான் தெறக்கேன்” என்றாள் சந்தனக்கனி, கையை நிறுத்தாமல்.

தங்கப்பழம் பெட்டி நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் மேடு வைத்திருக்கிற மற்ற வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு பெட்டியோடு வந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் வெயில் சாய்ந்து, பனி தெரிய ஆரம்பித்திருந்தது. சந்தனக்கனி குழிக்குள் இறங்கி அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கீழே ஒரு முழம் ஆழத்தில் மங்கலாக ஒரு புதுவேட்டி வெள்ளை தெரிந்தது.

“கொட்டுங்க” என்றாள். “ஆனா பெட்டியால கொட்டாதிய, கையால போடுங்க. ரெண்டு பேரையும் அடக்கம் பண்ணுன மாரி இருக்கும்.”

தங்கப்பழத்தின் பெட்டி கொஞ்ச நேரம் இடுப்பிலேயே இருந்தது, பிறகு தரைக்கு வந்தது. சித்திரைவேல் விளிம்பில் குந்தி உட்கார்ந்தார். தீர்ப்புச் சொல்கிற குரல் அவரிடம் அப்போது இல்லை, கல்யாணத்தை மூன்று தடவை தள்ளிவைத்த ஒரு பெண்ணின் தகப்பன் குரல்தான் இருந்தது.

“எக்கா, தெறந்துட்ட சரி. அவன் வரலன்னா?”

“பயமாத்தான் இருக்கு தம்பி” என்றாள் சந்தனக்கனி. “வரலன்னா வரல. ஒண்ணும் ஆவாது ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிச்சொல்லித்தான் அவன் வராமயே போயிருவான். இனி ஆவும்னு அவனுக்குத் தெரியட்டும்.”

அங்கேயே உட்கார்ந்துகொண்டு போன் போடச் சொன்னாள். சித்திரைவேல்தான் போட்டுக் கொடுத்தார்.

“எய்யா, நாந்தான். மண்ண எடுத்துட்டேன்.”

“எம்மா!”

“ஒங்க ஐயாவக் காத்து குடிக்க ஆரம்பிச்சிட்டு. வாரதுன்னா இப்பம் வா.”

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தேரியைவிட்டு எழுந்திருக்கவில்லை. சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம், பாதி தின்றாள். பனி அவன் சொன்ன மாதிரியேதான் போனது. உருகவில்லை, ஒழுகவில்லை, காலையில் இருந்த உயரம் சாயங்காலம் இல்லை. வாடைக்காற்று அதை நக்கி நக்கித் தின்றது, குமிழ்கள் வெடித்துப் பழைய காற்று ஊரெங்கும் வீசியது, நாங்கள் இருப்புக்கொள்ளாமல் தேரிக்கும் ஊருக்குமாக நடந்தோம்.

சுடலைமணி மறுநாள் போன் செய்தான். கப்பலில் இருந்தான். எவ்வளவு பனி இருக்கிறது என்று கேட்டான். ஒரு முழத்துக்குக் குறைவு என்று சொன்னோம். அப்புறம் கடல் நடுவிலிருந்து கேட்டான், ஒரு சாண் என்றோம். அப்புறம் கடல் மோசமாக இருக்கிறது, கப்பல் மெதுவாகப் போகிறது என்று அழுதான், நாங்கள் அளந்ததைக் குறைத்துச் சொல்வதா கூட்டிச் சொல்வதா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஊரே அந்தக் குழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அடுப்படி ஸ்டாப்பில் பஸ்ஸைவிட்டு இறங்கி, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஏறுகிற அளவுக்கு விஷயம் பரவியிருந்தது.

தங்கப்பழம் ஒரு நாள் பனைஓலையும் கம்புமாக வந்து, வாடைக்காற்று வருகிற பக்கம் குழியை ஒட்டி ஒரு தட்டி கட்டினார். சந்தனக்கனி ஏறிட்டுப் பார்த்தாள்.

“மண்ணு போடக்கூடாதுன்னுதான சொன்ன? ஓல கட்டக்கூடாதுன்னு சொல்லலியே” என்றார் அவர் முறைப்பாக. பிறகு ஆளாளுக்குத் தட்டி கட்டினார்கள். பொன்மலர் தன் கல்யாணத்துக்கு என்று வாங்கிவைத்திருந்த பட்டுக்கரைப் பாயைக் கொண்டுவந்து நிழலுக்குக் கட்டினாள், சித்திரைவேல் பார்த்தும் பார்க்காதது போல இருந்துகொண்டார். டீச்சரின் பிள்ளைகள் இரண்டு பேரும், ஏழுதேரிப் பனி போய்க்கொண்டிருக்கிறது என்று மாமா ஒரே ஒரு தடவை சொன்னதுக்கு, அடித்துப்பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். அமெரிக்காவில் இருக்கிறவன் முதலில் வந்தான், துபாயில் இருக்கிறவன் ஒரு நாள் பிந்தி வந்து, விமானம் கிடைக்கவில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். லீவு எல்லோருக்கும் கிடைத்திருந்தது.

சந்தனக்கனியின் மகன் மட்டும் இன்னும் வரவில்லை. நாலு விரல் இருந்தது. மூன்று விரல் இருந்தது. பால்துரையின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் பனிக்கு வெளியே வந்தபோது சந்தனக்கனி தன் முந்தானையை எடுத்து அவற்றைப் போர்த்தினாள். முகத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை, பார்க்காமலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சுடலைமணி விமானம் ஏறிவிட்டேன் என்றான், பிறகு வெகுநேரம் போனே வரவில்லை, பழைய காற்றில் எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெயில் ஏறின பிறகு ஒரு வாடகைக் கார் தேரி மணலில் சக்கரம் புதைந்து நின்றது. அதிலிருந்து, எங்கள் ஊர் வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத தடித்த ஜாக்கெட் போட்ட ஒருவன், மூக்கும் கன்னமும் தோல் உரிந்து, தாடியோடு ஓடி வந்தான். சுடலைமணி என்று தெரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. அவன் ஊருக்கு வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது, ஒரு கப்பலை விட்டு இறங்கினால் இன்னொரு கப்பல் என்று இருந்துவிட்டான். வழிவிட்டோம். குழிக்குள் குதித்தான். முகத்துக்கு மேல் ஜன்னல் கண்ணாடி கனத்துக்குப் பனி இருந்தது. அதை உள்ளங்கையால் துடைத்தான், கை போன இடமெல்லாம் பனி இல்லாமல் போனது. பால்துரையின் முகம் வந்தது. நெற்றியில் திருநீறுகூட அழியவில்லை.

சுடலைமணி பார்த்தான், நன்றாகப் பார்த்தான், தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்துவிட்டு, திரும்பித் தலைவரைக்கும் பார்த்தான். அழுவான் என்று பெண்கள் முந்தானையோடு தயாராக நின்றார்கள். அவன் பயந்துபோன மாதிரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

“எம்மா, ஐயா ஏன் இம்புட்டுச் சின்னதாப் போயிட்டாவ? பனி சுருக்கிட்டா?”

சந்தனக்கனி அப்போதுதான் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“பனி ஒண்ணுஞ் செய்யல எய்யா. அவிய போன பொங்கலுக்கே இப்படித்தான் இருந்தாவ.”

அவன் நம்பவில்லை. குனிந்து, தோளுக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துத் தூக்கினான். நாலு பேர் பிடிக்கக் கை நீட்டினோம், தேவைப்படவில்லை. அவன் ஒருவனாகவே தூக்கி நிமிர்ந்து நின்றான்.

“கனமே இல்லையேம்மா.”

“சோறு எறங்கல எய்யா, ரெண்டு வருசமா.”

“நான் போன் பண்ணும்போதெல்லாம் ஐயா சாப்ட்டாவளான்னு கேப்பனே. ஒருநாளாவது சொன்னியா நீ?”

“நீ கேக்கும்போது பக்கத்துலதான் உக்காந்திருப்பாவ. சாப்ட்டாச்சுன்னு சொல்லு, சாப்ட்டாச்சுன்னு சொல்லுன்னு கைய ஆட்டுவாவ” என்றாள் சந்தனக்கனி.

எத்தனையோ பேருக்குச் சமைத்துப்போட்ட கையில் அவரை ஏந்திக்கொண்டு சுடலைமணி நின்றான்.